பெண் எம்.பி.க்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

முக்கால்வாசிக் கடிதங்கள், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் 33 சதவீதச் சட்டம் பற்றித்தான். அதில் பாதிப் பேர் மக்களவையைக் கேட்கிறார்களா, சட்டமன்றத்தைக் கேட்கிறார்களா என்றே எழுதவில்லை. அவையின் பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

*சட்டம் 2023லேயே வந்துவிட்டது. அப்புறம் ஏன் 2024ல் 74 பெண்கள்தான் ஜெயித்தார்கள்? ஏமாற்று வேலைதானே? (கல்லூரி மாணவர், கோவை)*

அரசியல் சட்டத்தின் 334ஏ பிரிவை ஒரு தடவை படித்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். சட்டம் அமலுக்கு வந்த பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதை வைத்துத் தொகுதி மறுவரையறை, அதற்கப்புறம்தான் ஒதுக்கீடு. அரசியல் சட்டத்தின் 106-வது திருத்தமான இந்தச் சட்டத்தில் இதை ஒளிக்காமல் எழுதித்தான் நிறைவேற்றினார்கள். மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. இப்படி முடிச்சுப் போட்டது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். 2010ல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதாவில் இந்த முடிச்சு கிடையாது.

*மாநிலங்களவைக்கும் ஒதுக்கீடு உண்டா?*

கிடையாது. சட்ட மேலவைகளுக்கும் கிடையாது.

*எங்கள் தொகுதி பெண்களுக்குப் போய்விட்டால் நிரந்தரமாகவே போய்விடுமா? (திருநெல்வேலி)*

போகாது. ஒவ்வொரு மறுவரையறைக்குப் பிறகும் சுழலும். ஒதுக்கீட்டுக்கே ஆயுள் 15 வருடம்தான். நாடாளுமன்றம் நினைத்தால் நீட்டலாம். அது சரி, "போய்விட்டால்" என்றால் என்ன அர்த்தம்? பெண் ஜெயித்தாலும் அது உங்கள் தொகுதிதானே?

*பெண்களை நிறுத்தினால் தோற்கிறார்கள். வெற்றி வாய்ப்பைப் பார்க்காமல் கட்சி எப்படி சீட் கொடுக்கும்? முதலில் வாக்காளர் மனசு மாறட்டும். (கட்சிப் பொறுப்பாளர், சேலம்)*

"வெற்றி வாய்ப்பு" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். 2024ல் தமிழ்நாட்டில் திமுக கூட்டணி 39 தொகுதிகளையும் அள்ளியது. அந்தக் கூட்டணி நிறுத்திய பெண்கள் ஐந்தே பேர்: கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ராணி ஸ்ரீகுமார், ஜோதிமணி, சுதா. ஐந்து பேரும் ஜெயித்தார்கள். ஆறாவது பெண்ணை எந்த வாக்காளர் வந்து தடுத்தார்?

ஒடிசாவைப் பாருங்கள். 2019ல் பிஜு ஜனதா தளம் 21 இடங்களில் ஏழு இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது; ஐந்து பேர் ஜெயித்தார்கள். மீதி 14 ஆண்களில் ஜெயித்தது ஏழு பேர். மேற்கு வங்கத்தில் திரிணமூல் 2024ல் 12 பெண்களை நிறுத்தியது, 11 பேர் டெல்லி போனார்கள். ஜெயிக்கிற கட்சி ஜெயிக்கிற தொகுதியைக் கொடுத்தால் பெண்ணும் ஜெயிப்பார். இதிலே என்ன மர்மம்? மறுபக்கமும் உண்டு. அதே 2024ல் நாம் தமிழர் கட்சி, தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து 40ல் 20 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஒருவர்கூட ஜெயிக்கவில்லை, அந்தக் கட்சி ஆண்களும்தான் ஜெயிக்கவில்லை.

நாடு முழுக்க 2024ல் நின்றவர்கள் 8,300க்கு மேல். பெண்கள் சுமார் 800 பேர், அதாவது பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் ஜெயித்தார்கள், ஆண்களில் ஆறு பேர். உடனே "பெண்கள்தான் அதிகம் ஜெயிக்கிறார்கள்" என்று எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். டெபாசிட் இழக்கும் சுயேச்சைகளில் ஆண்கள் கூட்டம் அதிகம், அது ஆண்களின் விகிதத்தைக் கீழே இழுத்துவிடும். சதவீதத்தைப் பார்த்தால் அதற்கு அடியில் எத்தனை பேர் என்றும் பாருங்கள்.

வாக்காளர் மனசு என்கிறீர்கள். 2019லும் 2024லும் பெண்களின் வாக்குப்பதிவு சதவீதம் ஆண்களைவிடத் துளி அதிகம். மாற வேண்டியது உங்கள் நேர்காணல் அறை. கூட்டத்துக்கு ஆள் திரட்ட மகளிரணியைக் கூப்பிடுகிறீர்கள், வேட்பாளர் பட்டியல் போடும்போது கூப்பிடுவதில்லை. செலவை யார் பார்ப்பது என்ற கேள்வி பெண்ணிடம்தான் முதலில் வரும். எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு மகனிடம், அப்பா மாவட்டச் செயலாளர் என்றால், வருமா?

*முத்துலட்சுமி ரெட்டிதானே தமிழ்நாட்டின் முதல் பெண் எம்.பி.?*

இல்லை. அவர் 1927ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனவர், அங்கே துணைத் தலைவராகவும் இருந்தார். மக்களவை வேறு. 1952 தேர்தலில் திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதனும் திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகரும் ஜெயித்தார்கள். மறுபடியும் சொல்கிறேன்: அவை, வருடம்.

*ருவாண்டாவில் பாதிக்கு மேல் பெண்கள். நாமும் அப்படியே செய்தால் என்ன?*

அங்கே 80 இடங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கியவை. பெரும்பாலான மற்ற இடங்கள் கட்சிப் பட்டியல் முறையில் நிரம்புகின்றன; வாங்கிய வாக்குக்கு ஏற்ப ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலிருந்தும் ஆட்கள் போவார்கள். நமக்குத் தொகுதிக்கு ஒருவர். அப்படியே தூக்கி வைக்க முடியாது.

*பஞ்சாயத்தில் மனைவி தலைவர், ஆட்சி கணவருடையது. மக்களவையிலும் இதுதானே நடக்கும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)*

நடக்கிற இடமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்தவர்கள், தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதல் பணிகள் நடந்ததைக் கண்டார்கள். கணவர்களே ஆண்டிருந்தால் அந்த வித்தியாசம் வந்திருக்குமா? அப்பாவின் தொகுதியில் நிற்கும் மகன்களைப் பற்றி இதே கேள்வியை ஒருவரும் எனக்கு அனுப்புவதில்லை.

*தனித் தொகுதிகளில் என்ன ஆகும்? பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு உண்டா?*

பட்டியல் சாதி, பழங்குடி தொகுதிகளுக்குள்ளேயும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. தமிழ்நாட்டில் இப்போது மக்களவைத் தனித் தொகுதிகள் ஏழு. அதில் ஒன்றான தென்காசியில் ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் முன்பே, 2024ல், ராணி ஸ்ரீகுமார் ஜெயித்துவிட்டார். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இந்தச் சட்டத்தில் இல்லை. எதிர்த்து விழுந்த அந்த இரண்டு வாக்குகளும் இதைச் சொல்லித்தான் விழுந்தன; முஸ்லிம் பெண்களுக்கும் அவர்கள் கேட்டார்கள்.