ஸ்ட்ரோக் வந்து பேச்சு போன அப்பா, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வீம்பா?

வீம்பு இல்லைங்க. எங்கள் நைனாவையும் சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொன்னார்கள், கேட்டாலே வயிறு எரியும். உங்கள் அப்பாவுக்கும் வலது கை கால்தான் விழுந்திருக்கும், வீட்டில் எந்நேரமும் டிவி ஓடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

வீடு தண்டையார்பேட்டை. நைனா காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போனது. அஃபேசியா என்றார்கள். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். நாலு பேர் சேர்ந்து பேசினால் எதுவும் ஏறாது. "எல்லாம் கேக்குது, வேணும்னே பண்றான்" என்று பெரியப்பா வந்து திட்டிவிட்டுப் போவார்.

விஷயம் புரிந்தது கேரம் போர்டில்தான். நைனா ஒரு காலத்தில் தெரு கிளப்பில் பெரிய ஆட்டக்காரர். தம்பி பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரை இடது கையில் கொடுத்தான். இடது பாக்கெட்டில் அழகாகப் போட்டார். வலது பாக்கெட் வாயிலேயே ஒரு காயின், சின்னப் பிள்ளைகூட தள்ளிவிடும். அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தம்பி போர்டைத் திருப்பி வைத்ததும் அதே காயின் உள்ளே விழுந்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா, தாளில் சிதறிக் கிடந்த நட்சத்திரப் படங்களைப் பேனாவால் அடிக்கச் சொல்லி சைகையில் காட்டினார். வலது ஓரம் முழுக்க அப்படியே இருந்தது. பாதிப் பார்வை போனதா, கவனம் போனதா என்று பிரித்துப் பார்க்க நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். பார்வை மட்டும் போனவர் தலையைத் திருப்பித் தேடப் பழகிவிடுவார். கவனம் போனவருக்குத் தேடவே தோன்றாதாம்.

"இப்படி ஒரு பக்கக் கவனம் போவது வலது மூளை அடிபட்டால்தான் வரும்" என்று கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். அதில்தான் அதிகம், கடுமையும் கூட. இடது மூளையிலும் வரும். நான் டாக்டர் இல்லை, வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

பேசும்போது டிவியை அணையுங்கள். ஒருவர் மட்டும், இடது பக்கம் உட்கார்ந்து, சின்னச் சின்னதாகப் பேசுங்கள். வலது பக்கம் திரும்பிப் பார்க்கும் பயிற்சியைத் தெரபிஸ்டிடம் கேளுங்கள். எங்கள் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு ஜன்னலைச் சாத்தினால்தான் பயிற்சியே நடக்கும்.

இன்னொரு ஆத்திரம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. சான்றிதழுக்குப் போன இடத்தில் கால்களை மட்டும் பார்த்து "நடக்கிறாரே" என்று அனுப்பிவிட்டார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத மனுஷனிடம் "பேர் சொல்லுய்யா" என்று அதட்டல் வேறு! அடுத்த முறை தெரபிஸ்ட் ரிப்போர்ட்டோடு போகிறோம். நீங்களும் அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.