கத்திப் பிடி மாற்றுதல்: கேள்வி பதில்

பிடியின் கடைசி வரை இரும்பு ஓடி, இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அறைந்த கத்திகளுக்கே இந்தப் பதில்கள்.

வாழைச்சேனை: அண்ணே, மீன் வெட்டும் கத்தியின் பிடி ஆடுகிறது. ஆணியை அடித்து இறுக்கினால் போதாதா?

போதாது தம்பி, மரம்தான் வெடிக்கும். உப்புத் தண்ணீர் பலகைக்கு அடியில் இறங்கித் துருப்பிடித்திருக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் பலகையை வெளியே தள்ளும். ஓரத்தில் செந்நிறமாகக் கசிந்திருந்தால் யோசிக்காமல் கழற்றுங்கள்.

கல்முனை: பிடியைக் கழற்ற நெருப்பில் காட்டினால் பலகையை ஒட்டிய பசை விடுமா?

பசையும் விடும், கத்தியும் போகும். கார்பன் இரும்பின் பதம், அதாவது கடினம், 200 பாகை செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். மினுக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் ஏறினாலே கவனம். நீலம் வந்தால் கிட்டத்தட்ட 300, பிறகு கூர் நிற்காது. முதலில் அலகுக்கு மட்டை சுற்றி டேப் ஒட்டுங்கள். ஆணித் தலையின் நடுவில் புள்ளி குத்தி, ஆணியைவிடச் சற்றுச் சிறிய ட்ரில் பிட்டால் தலை போகுமட்டும் துளைத்து, மிச்சத்தைத் தட்டி எடுங்கள். அரல்டைட் போன்ற பசைக்குத் தலைமயிர் காயவைக்கும் மெஷினின் சூடு பெரும்பாலும் போதும். பழைய பலகையை எறிய வேண்டாம், புதியதற்கு அளவு அதுதான்.

அக்கரைப்பற்று: வீட்டில் பழைய முதிரைக் கதவுநிலைத் துண்டு ஒன்று கிடக்கிறது. சரிவருமா?

வேறு மரம் தேடாதீர்கள் அக்கா. காய்ந்து அடங்கிய மரம் இனி அதிகம் சுருங்காது. அரம் போடும்போது மூக்கைக் கட்டுங்கள், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தரும்.

ஆரையம்பதி: கிளாம்பை நன்றாக இறுக்கித்தான் ஒட்டினேன். ஒரு மாதத்தில் கழன்றுவிட்டது.

இறுக்கியதுதான் பிழை. பசை முழுக்க வெளியே வழிந்திருக்கும். பலகை அசையாத அளவுக்குப் பிடித்தால் சரி. இரும்பு பளபளப்பாக இருந்தாலும் பசை பிடிக்காது. 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் கீறி, அசிட்டோனால் துடைத்து, பிறகு விரல் படாமல் ஒட்டுங்கள். பித்தளை ஆணியையும் பசையோடே இறக்கி, ஒரு நாள் விடுங்கள். பலர் மறப்பது இது: அலகுப் பக்கம் பார்த்த பலகை விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே மினுக்கி முடிக்க வேண்டும். ஒட்டியபின் அங்கே அரம் போட்டால் அலகில் கீறல் விழும்.

ஏறாவூர்: கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

அது காயாது, பிடி பிசுபிசுக்கும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் மெல்லிதாகப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.