மூன்று இலைதான், நான்கு அல்ல

கேள்வி: மார்ச் 17 அன்று என் மகன் வேலை செய்யும் கம்பெனியில் அயர்லாந்து விழா என்று எல்லோரையும் பச்சைச் சட்டை போட்டு வரச் சொன்னார்களாம். நான்கு இலைப் படம், பச்சைத் தொப்பிக் குள்ளன், பீர் கோப்பை, இவ்வளவுதான் அலங்காரம். அயர்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றுதானே? குடியும் கூத்தும் தவிர அவர்களுக்கென்று தனிப் பண்பாடு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒன்றல்ல. வடக்கே ஆறு மாவட்டங்கள் இன்றும் பிரிட்டனோடு இருக்கின்றன. மற்ற 26 மாவட்டங்கள் போராடி, 1922-ல் தனி அரசாயின. அந்த விடுதலைக்காகச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘ஒன்றுதானே’ என்று கேட்டால் புண்படத்தான் செய்வார்கள்.

அலங்காரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய சின்னம் மூன்று இலை உள்ள ஷாம்ராக். அங்கே கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பாட்ரிக் அந்த இலையைக் காட்டித்தான் ‘மூன்றும் ஒன்றே’ என்று திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, விளக்கினார் என்பது மரபுக் கதை. நான்கு இலை அதிர்ஷ்டத்துக்காக வைத்துக்கொள்வது, அது வேறு சங்கதி. பாட்ரிக்கே அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை. பிரிட்டனிலிருந்து பதினாறு வயதில் கடத்திக்கொண்டு வரப்பட்டு, ஆறு வருடம் அடிமையாக ஆடு மேய்த்தவர். மார்ச் 17 அவர் நாள், அங்கே கோயிலுக்குப் போகும் நாள். 1927 முதல் முப்பது வருடத்துக்கும் மேலாக அன்று மதுக்கடைகளைச் சட்டம் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

சரி, அந்த நாட்டின் உண்மையான சின்னம் எது? யாழ். உலகத்தில் ஓர் இசைக்கருவியை அரசுச் சின்னமாக வைத்திருக்கும் நாடு அது. பாஸ்போர்ட்டில், யூரோ நாணயத்தில், குடியரசுத் தலைவர் முத்திரையில் எல்லாம் யாழ்தான். அதற்கு மாதிரியாக இருந்த பழைய யாழ் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 1014-ல் இறந்த பிரையன் போரு என்ற மன்னன் பெயரில் அதை அழைக்கிறார்கள். ஆனால் அது செய்யப்பட்டது அவனுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து.

ஐரிஷ் யாழிசையின் கதையை ஒரே ஒரு காட்சியில் சொல்லிவிடலாம். 1792, பெல்ஃபாஸ்ட் நகரம். நாடெங்கும் உள்ள யாழ்க் கலைஞர்களை வரவழைத்து ஒரு விழா வைத்தார்கள். வந்து சேர்ந்த ஐரிஷ் கலைஞர்கள் மொத்தம் பத்துப் பேர். ஆதரித்த குறுநில மன்னர்கள் அழிந்துபோனதால் கலையும் வற்றிவிட்டிருந்தது. வந்தவர்களில் பலர் பார்வையற்றவர்கள். அதில் ஒருவர் டெனிஸ் ஓஹாம்ப்ஸி, வயது 97 என்றார்கள். பித்தளைத் தந்திகளைப் பழைய முறைப்படி நீள நகத்தால் மீட்டி வாசித்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்கக் குறிப்பெழுதியவன் எட்வர்ட் பன்டிங், பத்தொன்பது வயதுப் பையன். விழா முடிந்த பிறகும் அவன் விடவில்லை, ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தான். பழைய யாழிசையில் இன்று கையில் இருக்கும் பெரும்பகுதிக்கு அவன் எழுத்துதான் ஆதாரம். யாழைத் தொலைத்துவிட்டு, அதன் பெயரைப் பாட்டில் மட்டும் படிக்கும் நமக்கு இந்தப் பையனின் அருமை தெரிய வேண்டும்.

அடுத்தது அவர்களுடைய சொந்த மொழியான ஐரிஷ். நான் உருகிப்போவது இங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளை ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. எத்தனை வெட்டோ அத்தனை அடி. நடுவில் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிடக் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய ஏழைகள் வாழ்ந்த மேற்குப் பகுதி. பஞ்சத்துக்கு முன் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவைத் தொடவில்லை.

அந்த மொழியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று தனிச்சொல் அதில் கிடையாது. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையையே திருப்பிச் சொல்வார்கள், நாம் சொல்வதில்லையா, அப்படி. ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்பதுதான் அங்கேயும் வழக்கு. ‘நான் சோகமாக இருக்கிறேன்’ என்பதற்கு ‘தா ப்ரோன் ஒரம்’ என்பார்கள்: என் மேல் துயரம் இருக்கிறது. மேலே வந்து உட்கார்ந்த துயரம், எழுந்து போகவும் கூடும். இப்படி ஒரு வாசகம் வைத்திருப்பவர்களிடம் பண்பாடு உண்டா என்று கேட்கலாமா, அம்மா? அந்த மொழியை மீட்க 1893-ல் சங்கம் தொடங்கிய டக்ளஸ் ஹைட், 1938-ல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1937-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் அந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதியவைதான்.

அப்புறம், வீட்டுக்குள் வாருங்கள். பிப்ரவரி 1, புனித பிரிஜிட் நாள், அவர்களுக்கு வசந்தத்தின் தொடக்கம். முந்தின நாளே கோரை போன்ற ஒரு புல்லைக் கொண்டுவருவார்கள். அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு புல்லை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் மேல் மாட்டி, கால் திருப்பு திருப்பி, அடுத்ததை மாட்டி, இப்படியே போனால் நடுவில் ஒரு சதுரம் எழும்பி நான்கு கை நீண்டு ஒரு சிலுவையாகும். முனைகளைக் கட்டி வாசலுக்கு மேல் செருகுவார்கள். தீயும் பசியும் வீட்டை அண்டாது என்று நம்பிக்கை. 2023 முதல் அந்த நாளையொட்டி அரசு விடுமுறையும் உண்டு.

ஆட்டம் என்றால் ஹர்லிங். ஆஷ் என்ற மரத்தில் செய்த மட்டையால் பந்தை அடித்துப் பறக்கவிடும் பழங்கால ஆட்டம். டப்ளின் குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு அங்கே ஆடிய ஆசிரியர் மறுநாள் வகுப்புக்குப் போவார்.

மகனிடம் சொல்லுங்கள்: அடுத்த மார்ச்சில் படத்திலிருந்து நாலாவது இலையை எடுத்துவிட்டு, குள்ளன் இருந்த இடத்தில் ஒரு யாழை மாட்டட்டும். யாராவது ஏன் என்று கேட்டால் பன்டிங் கதையைச் சொல்லட்டும்.