எவரெஸ்ட் அடிவார முகாம் நடை: முகவர் தரும் காப்பீடு உங்களைக் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 56, மனைவிக்கு 52. வரும் அக்டோபரில் நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். காத்மாண்டிலிருந்து கிளம்பி மீண்டும் காத்மாண்டு வந்து சேர 10 நாள், "காப்பீடும் ஹெலிகாப்டர் மீட்பும் உட்பட" என்று ஒரு முகவர் விலை கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் கேட்பதைவிட இது கணிசமாகக் குறைவு. நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாங்கள் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். இருவருக்கும், உங்கள் பெயர்களிலேயே, இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே எடுத்துவிட வேண்டும். உங்கள் முகவர் எழுதியிருக்கும் "காப்பீடு உட்பட" என்ற வரி பெரும்பாலும் உங்களைப் பற்றியதே அல்ல. நேபாளத்தில் மலைநடை நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டிக்கும் சுமைதூக்குவோருக்கும் காப்பீடு செய்ய வேண்டும். அந்தச் செலவைத்தான் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டு, யாருக்கான காப்பீடு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். "ஹெலிகாப்டர் மீட்பு உட்பட" என்பதற்கும் பல நேரங்களில் ஹெலிகாப்டரை வரவழைத்துத் தருவோம் என்பது மட்டுமே பொருள். பறந்ததற்கான சில ஆயிரம் டாலர் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே முகவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "எங்கள் இருவர் பெயரும் அச்சிட்ட பாலிசியின் நகலை அனுப்ப முடியுமா?" அனுப்ப முடியாதென்றால் அப்படி ஒரு காப்பீடு உங்களுக்கு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எனக்குக் காப்பீட்டைவிட அதுதான் அதிகக் கவலை தருகிறது. அந்த 10 நாள் கணக்கு போதாது. நடை தொடங்கும் ஊரான லுக்லாவில் விமானம் இறங்கியதும் தூத் கோசி ஆற்றை ஒட்டிக் கீழிறங்கிப் பாக்டிங்கில் தங்குவார்கள். அது சுமார் 2,610 மீட்டர். மறுநாள் ஆற்றைத் தொங்குபாலங்களில் மாறி மாறிக் கடந்து, போட்டே கோசி வந்து கலக்கும் இடத்துக்கு மேலே உள்ள உயரமான பாலத்தையும் தாண்டினால், அங்கிருந்து நாம்சே பஜார் வரை ஒரே ஏற்றம். நாம்சே 3,440 மீட்டர். அதன்பின் தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,900க்கு மேல், முடிவில் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் நாம்சேயில் ஒரு நாளும் திங்போச்சேயில் ஒரு நாளும் கூடுதலாகத் தங்கும் வழக்கம் வந்தது. விலையைக் குறைக்க நினைக்கும் முகவர் முதலில் கை வைப்பது திங்போச்சே நாளில்தான். உங்கள் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். திங்போச்சே என்ற பெயரோ, அதற்குப் பதிலாகத் தங்கும் பெரிச்சே என்ற பெயரோ அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் வராவிட்டால் அந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள். உடலுக்கு அந்த ஒரு நாள் தரும் பாதுகாப்பை எந்தப் பாலிசியாலும் தர முடியாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

இனி, இந்தக் குறைந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதைப் பார்ப்போம். அடக்கவிலைக்கும் கீழே பயணத்தை விற்றுவிட்டு, நஷ்டத்தைக் காப்பீட்டுப் பணத்தில் ஈடுகட்டும் ஏற்பாடு அங்கே நெடுநாளாக நடந்து வருகிறது. போதிய நாள் தங்காமல் அவசரமாக மேலே நடத்திச் செல்லப்பட்டவருக்கு லோபுச்சேயில் தலை வலிக்கும். அந்த உயரத்தில் பாதிப் பேருக்கு வலிக்கத்தான் செய்யும். உடனே வழிகாட்டி வந்து, "இரவு தாங்குமா என்று தெரியவில்லை, ஹெலிகாப்டர் சொல்லட்டுமா? இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, உங்களுக்குச் செலவில்லை" என்பார். பயந்துபோனவர் தலையாட்டுவார். ஒரே ஹெலிகாப்டரில் நான்கு பேரை ஏற்றிவிட்டு, நான்கு காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியாக முழுக் கட்டணத்துக்குப் பில் அனுப்புவார்கள். காத்மாண்டு மருத்துவமனையில் தேவையில்லாமல் படுக்க வைத்துப் பரிசோதனைகள் செய்வார்கள். கமிஷன் பல கைகளுக்குப் போகும். இவை வெறும் வதந்தி அல்ல. 2018இல் நேபாள அரசே விசாரணைக் குழு அமைத்து இந்த மோசடியை வெளிக்கொணர்ந்தது. புதிய விதிகளும் வந்தன. அதன் பிறகும் இத்தகைய காப்பீட்டுக் கோரிக்கைகள் வருவது நின்றபாடில்லை. விதியை எழுதுகிறவர்களுக்கு இருக்கும் வேகம் அதை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்கு இருப்பதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்துக்கு முன்கூட்டியே தகவல் தராமல் பறந்து வந்தவரின் கோரிக்கை மறுக்கப்பட்டால், வழிகாட்டியோ முகவரோ பொறுப்பேற்பதில்லை. முழுத் தொகையையும் பயணிதான் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மோசடியைப் பற்றிப் படித்துவிட்டு, உண்மையான ஆபத்திலும் "எங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள்" என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிரைப் பறித்துவிடும். மேலே உங்கள் மனைவிக்கு உடல் சரியில்லை என்று தோன்றினால், ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து அவரை நடக்கச் சொல்லுங்கள். குடிக்காதவர் குடித்தவரைப் போலத் தள்ளாடினால் அவர் மூளையில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். பேச்சு குழறினாலும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வந்தாலும், எழுப்பினால் எழ முடியாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அப்படியே கருதுங்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், படுத்தால் திணறல் கூடினாலும், உதடு நீலம் பாரித்தாலும், நுரையோ இரத்தமோ கலந்த சளி வந்தாலும் அது நுரையீரல் சம்பந்தப்பட்டது. இந்த நிலைகளில் பாலிசியைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் கூடாது. ஹெலிகாப்டர் வருமானால் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு உதவி மையத்துக்குப் பேசுங்கள். இருட்டிவிட்டதாலோ மேகம் மூடியதாலோ ஹெலிகாப்டர் வர முடியாவிட்டால் காலை வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே, குதிரையிலோ ஆள் முதுகிலோ, கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். பெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் நடைப் பருவங்களில் இயங்குகிறது. வெறும் தலைவலி, பசியின்மை, லேசான குமட்டல் என்றால் மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்குங்கள். குறையாவிட்டால் நடந்தே கீழிறங்குங்கள். அதற்கு ஹெலிகாப்டர் தேவையில்லை.

இனி நீங்கள் வாங்கும் பாலிசி. இந்தியாவில் விற்கும் சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றம் சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஏதோ ஓர் உயரத்துக்கு மேல் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி பல பக்கங்கள் தள்ளி, விலக்குகள் என்ற தலைப்பின் கீழ், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பொருள் எதற்குப் பயன்படாது என்பதை வாங்குகிறவர் மொழியில் முதல் பக்கத்தில் அச்சிடுவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடிவார முகாம் 5,364 மீட்டர், அருகிலுள்ள காலாபத்தர் குன்று 5,500க்கும் மேல். ஆகவே 6,000 மீட்டர் வரை நடைப்பயணத்துக்குச் செல்லும் என்றும், ஹெலிகாப்டர் மீட்புக்கு எவ்வளவு தொகை என்றும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்பவரின் வாக்கு கோரிக்கைக் கோப்பில் இடம்பெறாது.

இரத்த அழுத்த மாத்திரையை மறைக்காதீர்கள். விண்ணப்பத்தைத் தானே நிரப்பித் தருவதாகச் சொல்லும் தரகர், பிரீமியம் கூடும் என்பதற்காக அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிடுவார். கையெழுத்து உங்களுடையது. உயர நோய்க்காக நீங்கள் கேட்கும் பணத்தைக்கூட, உண்மையை மறைத்தீர்கள் என்ற காரணம் காட்டி மறுக்க அந்த ஒரு சொல் போதும். நியாயமின்றி மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் விண்ணப்பமே பொய்யாக இருந்தால் அங்கேயும் நிற்க முடியாது.

சிறியவை இரண்டு. நேபாளத்துக்கு விமானத்தில் செல்ல இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் உங்கள் வயதினருக்கு ஆதார் அட்டை செல்லாது. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். அக்டோபர் நெரிசலில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுக்குப் பதிலாக ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து புறப்படும்; நள்ளிரவுக்குப் பின் கிளம்பி நான்கைந்து மணி நேரம் வண்டியில் போக வேண்டும், வானிலை கெட்டால் விமானமே ரத்தாகும். ஆகவே திங்போச்சேயில் தங்கும் கூடுதல் நாளைத் திட்டத்தில் சேர்த்து, அதற்கு மேலும் கையில் இரண்டு நாளாவது உபரியாக வைத்து ஊர் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். முகவர் இதற்கு ஒப்புக்கொண்டு, திருத்திய பயணத் திட்டத்தை எழுத்தில் அனுப்பிய பிறகே முன்பணம் கட்டுங்கள். பாலிசி எண்ணையும் உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பையில் ஒன்றும் மனைவியின் பையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.