கள்ளிக்குடி கரிசலில் மாங்கன்று ஏன் சாகிறது?

ஐப்பசி மழை நின்றதும் இலை வாடி மாங்கன்று சாகிறது என்று கேட்டிருந்தீர்கள். உரக்குறை இல்லைங்க, வடியாத நிலம். 3 அடிக் குழியில் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் வேர் அழுகத்தான் செய்யும். அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டினால் மாமரத்தை மறந்துவிடுங்கள். நெல்லி, இலந்தை தாங்கும்.

செடியும் சொல்லும்: கோரை மண்டிய இடம் நீர் தேங்குமிடம். சீமைக்கருவேலத்தை நம்பாதீர்கள், அது எங்கும் வளரும்.

நத்தம் பக்கச் செம்மண் தோப்பைப் பார்த்து, குழிக்குள் செம்மண் கொட்டுவதுதான் பெரிய தப்பு. சுற்றியுள்ள கரிசல் தொட்டிபோல நீரைப் பிடித்துவைக்கும். குழிக்குப் பதில் 2 அடி மேடு கட்டி நடுங்கள், வடிகால் வெட்டுங்கள். கோடை வெடிப்பு வேரை அறுக்கும். மாசியிலேயே மூடாக்கு (வேரடி மண்ணை வைக்கோல், சருகால் மூடுவது) போடுங்கள்.