சாம்பிள் எல்லாம் பாஸ், மறைத்து வைத்த டெஸ்ட் கேஸில் மட்டும் ராங் ஆன்சர்

லாஜிக் சரிதான், பெரும்பாலும் இன்ட் ஓவர்ஃப்ளோ, அதாவது முழு எண்ணை வைக்கும் இன்ட் வகையில் கூட்டுத்தொகை அடங்காமல் போவது. கோடிங் நேர்காணலில், அடுத்தடுத்த உறுப்புகளின் அதிகபட்சக் கூட்டுத்தொகையை ஜாவாவில் கடேன் முறையில் (ஒரே சுற்றில் கூட்டிக்கொண்டே போய் அதிகபட்சத்தைக் குறித்துக்கொள்வது) எழுதியும் மூன்று கேஸ் விழுந்தது, உடனே "அடிப்படையே தெரியல" என்று நேர்காணலைப் பாதியில் முடித்துவிட்டார்கள் என்கிறீர்கள்.

கேள்வியிலேயே ஒவ்வொரு எண்ணும் 100 கோடி வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஜாவா இன்ட்டில் அடங்குவது 2,147,483,647 வரைதான், மூன்று பெரிய எண்களைக் கூட்டினாலே தாண்டிவிடும், எர்ரர் எதுவும் காட்டாமல் கூட்டுத்தொகை மைனஸுக்குப் போய்விடும். சாம்பிளில் சின்ன எண்களே இருந்ததால் அங்கே வெளியே தெரியவில்லை.

சோதிக்க, 100 கோடியை மூன்று முறை உள்ளீடாகக் கொடுத்து ஓட்டுங்கள். 300 கோடிக்குப் பதில் 200 கோடி வந்தால் இதுதான் காரணம்: மூன்றாவதைக் கூட்டும்போது மைனஸ் ஆகிவிடுவதால், முதல் இரண்டின் கூட்டே அதிகபட்சமாக நின்றுவிடுகிறது. நடப்புக் கூட்டுத்தொகை, அதிகபட்சம், ஃபங்ஷன் திருப்பித் தரும் வகை, மூன்றையும் லாங் (இன்ட்டைவிடப் பெரிய எண்களை வைக்கும் வகை) ஆக்குங்கள். ஒன்றை விட்டாலும் கோட் கம்பைல் ஆகாது, இல்லையென்றால் பழைய கதைதான்.

அப்புறம் ஒன்று, அதிகபட்சத்தைப் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் எல்லாமே மைனஸாக உள்ள கேஸும் விழும், முதல் உறுப்பில் தொடங்குங்கள். ராங் ஆன்சருக்குப் பதில் டைம் லிமிட் (கோட் ஓட நேரம் போதவில்லை) என்று வந்திருந்தால் மட்டும் நான் சொன்னது எதுவும் பொருந்தாது, கோடை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ஒரு டேட்டா டைப் தவறை வைத்து அடிப்படை தெரியாது என்று சொன்னது நியாயமே இல்லை. "எண்களின் வரம்பைப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.