வாசகர் கேள்வி: ஸ்விஃப்டை ஆட்டோகிராஸுக்கு எப்படித் தயார் செய்வது?

கேள்வி: பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். ஆட்டோகிராஸில், அதாவது கோன் வைத்த வளைவுப் பாதையில் நேரம் பார்க்கிற போட்டியில், ஓட்ட ஆசை. போன மாதம் ஒரு காலி மைதானத்தில் கோன் வைத்து ஓட்டிப் பார்த்தபோது, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போகிறது. எக்ஸாஸ்ட் மாற்று, பெரிய வீல் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. – குடியாத்தம் வாசகர்

பதில்: அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும். முதலில் ஒரு நல்ல காற்று மீட்டர் வாங்குங்கள், பங்க்சர் கடை மீட்டரை நம்பாதீர்கள், ஒரே டயருக்கு இரண்டு கடையில் இரண்டு எண் காட்டும்.

ஆட்டோகிராஸில் ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள், போட்டி கடிகாரத்தோடு. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டம் முடிந்துவிடும், அதனால் எக்ஸாஸ்ட் மாற்றி நீங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் சம்பாதிக்கப் போவதில்லை, ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுதான் மிச்சம். பெரிய வீலும் அப்படித்தான். நானே ஒரு காலத்தில் பழைய ஜென்னுக்கு ஆசைப்பட்டுப் போட்டேன். பார்க்க ஜோர். ஆனால் வீல் கனம், டயரின் சுற்றளவும் கூடிப்போய் இழுவை குறைந்தது, என் நேரம் முன்னைவிட மோசமானது!

உங்கள் வண்டியில் என்ஜின் பாரம், இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில்தான். வேகமாக உள்ளே நுழைந்துவிட்டு ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால் அவை வழுக்கத்தான் செய்யும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு அப்புறம் திருப்பிப் பாருங்கள். பாதி நோய் இதிலேயே போய்விடும்.

மீதிக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தரை படும் பகுதியும் பக்கவாட்டும் சேருகிற தோள்பட்டையில் மூன்று இடத்தில் குறுக்கே கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். சாக்பீஸ் பக்கவாட்டு வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றை 2 பாயிண்ட் (psi) ஏற்றுங்கள். தோள்பட்டையிலேயே அழியாமல் இருந்தால் 2 குறையுங்கள். கம்பெனி சொன்ன எண்ணுக்கு மேலே நாலைந்து பாயிண்டில் முன்பக்கத்தைத் தொடங்கலாம், ஆனால் டயரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டவே கூடாது. அதற்குப் பிறகும் மூக்கு வெளியே போனால் பின் டயரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றுங்கள், பின்பக்கப் பிடிப்பு குறைந்து வண்டி வளைவில் நன்றாகத் திரும்ப ஆரம்பிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். நம் வேலூர் வெயிலில் இது ரொம்ப முக்கியம். டயர் 5, 6 டிகிரி சூடானாலே ஒரு பாயிண்ட் ஏறிவிடும், காலை ஏழு மணிக்கு வைத்த எண் பதினொன்றுக்கு இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளக்கணும்.

இதெல்லாம் தார் தரைக்கு. மண் தரை என்றால் கணக்கே வேறு: காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், என்ஜினுக்குக் கீழே தகடு போடுங்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அலைன்மென்ட் கடையில் முன்வீல்களை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே பார்க்கிற மாதிரி, அதாவது டோ-அவுட், வைக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் சிவப்பு காட்டுதே என்று கடைக்காரர் தயங்குவார். அவர் சொல்வதும் நியாயம்தான், அதே அமைப்பில் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தால் டயரின் உள்பக்கம் தேயும். போட்டி முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள். பின்பக்கம் ஒரே அச்சு, அதில் திருக ஒன்றுமில்லை.

சரி, பணம்? நல்ல பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், ஹெல்மெட். போட்டியன்று ஸ்டெப்னி, ஜாக்கி, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பேட்டரி கிளாம்பையும் வீல் நட்டையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: பழகுவதற்கு ஏலகிரி மலைப்பாதை போதுமா? 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே. – ஜோலார்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். எதிரே பஸ் வருகிற ரோடு அது, கோன் இல்லை. கோனை இடித்தால் சில வினாடி போகும், அவ்வளவுதான். வளைவுகளுக்குப் புலவர் பெயர் வைத்திருக்கிறார்கள், நிதானமாக ஏறி அதைப் படியுங்கள். பழக வேண்டுமென்றால் இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கிய காலி மைதானம், அல்லது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பயிற்சி நாள் வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: ஹேண்ட் பிரேக் இழுத்துத் திருப்புவது சரியா? – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: போட்டி விதி அனுமதித்தால், யூ-டர்ன் மாதிரி ஒற்றைக் கோனைச் சுற்றும் இடத்தில் மட்டும். கிளட்சை மிதித்து, லிவர் பட்டனை அழுத்தியபடியே சட்டென்று இழுத்து உடனே விடுங்கள். பட்டனை விட்டுவிட்டால் லிவர் மேலேயே நின்றுவிடும், நீங்களும் நடு மைதானத்தில் நிற்பீர்கள்.